விழுந்த மரமும் கடைசற் கிண்ணமும்

காற்றிலும் மழையிலும் ஒரு மரம் சாய்ந்துவிட்டால் நம் குடியானவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் விறகு வியாபாரியே. அடிமரம், கவை, கிளை என்ற பேதமின்றி யாவும் ஒரே தராசில் ஏறி ஒரே விலைக்குப் போய்விடுகின்றன. தேக்காயிருந்தால் தச்சரை அழைத்துக் காட்டுவோம். பலாவும் பூவரசும் நீண்டு நேராக இருந்தால் மாத்திரம் பலகைக்குப் போகும். மா, புளி, வாகை முதலியவை ஐம்பது அறுபது வருஷம் நம் வரப்பில் நின்றவையாயினும், கோணலாகவும் கணுவுள்ளனவாகவும் இருக்கும் காரணத்தால் அடுப்புக்கென்றே தீர்மானிக்கப்படுகின்றன. இது சரியான கணக்கன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தச்சருக்கு நீளம் வேண்டும். கடைசற்காரருக்கு நீளம் வேண்டியதில்லை. ஓரடி நீளமும் ஓரடி விட்டமுமுள்ள ஒரு துண்டிலிருந்து அவர் இரண்டு கிண்ணங்களை எடுத்துவிடுவார். தச்சர் வேண்டாமென்று தள்ளும் கவையிலும் கணுவிலுமே இழைகள் சுழன்று அழகிய உருவங்கள் அமைந்திருப்பதால், அவற்றையே கடைசற்காரர் விரும்பிக் கேட்பார். ஆகவே, எதை நாம் கழிவென்று எண்ணுகிறோமோ அதுவே இத்தொழிலுக்கு முதல் தரமான சரக்கு.

கடைசல் நமக்குப் புதிய தொழிலன்று. மரவை என்னும் சொல்லே மரத்தாற் செய்த பாத்திரத்தைக் குறிப்பதாக நம் மொழியில் இருக்கிறது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் பேர்பெற்றவை. கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் வெட்பாலை என்னும் சிறு மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கு வண்ணம் ஏற்றிப் பல குடும்பங்கள் பிழைத்து வருகின்றன. பெருங்காட்டு மரமில்லாமலே ஒரு கைத்தொழில் நிலைபெறக்கூடும் என்பதற்கு இவை போதிய சான்று.

பச்சை மரத்தைக் கடைந்தால் வெடித்துவிடும் என்பது பலருடைய எண்ணம். இதில் பாதி உண்மை, பாதி தவறு. பச்சை மரத்திலுள்ள நீர், உலர்ந்த கட்டையின் எடையில் பாதியளவு முதல் அதன் முழு எடைக்கு மேலும் இருக்கும். இழைகளின் உட்குழியில் நிற்கும் நீர் வெளியேறும் வரையில் மரம் சுருங்குவதில்லை. நீரின் அளவு 100க்கு 30 என்ற எல்லைக்குச் சற்றேறக்குறைய வந்தபின், இழைச் சுவரிலேயே ஊறியிருக்கும் நீர் போகத் தொடங்கும்; அப்பொழுதே சுருக்கம் ஏற்படுகிறது. அச்சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் உண்டாகும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையிலுள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு உருளையாகக் கிடக்கும் கட்டை இந்த இழுப்பைத் தாங்கமாட்டாமல் நடுவிலிருந்து வெடிக்கிறது. அதையே நெடுகப் பிளந்து, நடுவிலுள்ள நெட்டி போன்ற பாகத்தை நீக்கி, உள்ளே குடைந்துவிட்டால், மெல்லிய சுவர் வளைந்து கொடுக்கும். வெடிக்கும் பயம் பெரிதும் குறையும்.

ஆதலால் பச்சையாயிருக்கும்போதே முதற்கடைசல் செய்துவிடுவதுதான் உத்தமமான முறை. ஈரமுள்ள மரத்தில் உளி இலகுவாக ஓடும், சுருள் சுருளாகச் சீவல் விழும், தூசி பறப்பதில்லை. சுவரின் கனம் கிண்ணத்தின் விட்டத்தில் பத்திலொரு பங்கு இருக்கவேண்டும் என்பது கடைசற்காரர் கொள்ளும் பொதுக் கணக்கு. 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலக் கனம் விடவேண்டும். இவ்வாறு குடைந்ததைச் சீவல் நிரப்பிய காகிதப் பையிலிட்டுக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, மாதந்தோறும் நிறுத்துக் குறித்துவர வேண்டும். எடை குறைவது நின்றதாயின் உலர்ந்ததென்று அறியலாம். அதற்குள் வட்டமாயிருந்தது சற்று நீள்வட்டமாகியிருக்கும். விட்ட கனம் அதற்காகவே. இரண்டாம் முறை கடைந்து வட்டமாக்கி மெருகிடவேண்டியதுதான்.

இனி, காளான் பிடித்த மரத்தைப்பற்றிச் சில வார்த்தைகள். மரம் விழுந்து ஈரத்துடன் சில காலம் கிடந்தால் பூஞ்சக்காளான் உள்ளே பரவுகிறது. வெவ்வேறு காளான்கள் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லையில், வேலி போட்டாற்போல் கரிய நுண்கோடுகள் உண்டாகின்றன. வேறு சில, மரத்தின் நிறத்தை வெளுக்கச் செய்கின்றன. சில வகை நீலமும் பச்சையும் ஊட்டுகின்றன. 15, 16 ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியத் தச்சர்கள் இவ்வாறு பச்சை நிறமேறிய மரத்தைத் தேடியெடுத்துச் சித்திரப் பலகைகளில் பதித்திருக்கின்றனர். இக்காலத்துக் கடைசற்காரர்கள் கோடோடிய புளியையும் மாவையும் விரும்பி வாங்குகின்றனர். புளியின் வைரம் கரியதும் கடினமானதுமாகும். அதைச் சூழ்ந்த வெளிறுதான் கோடோடுவதற்கு ஏற்றது. நாம் உளுத்ததென்று ஒதுக்கும் பாகத்துக்கு வேறிடத்தில் தனி மதிப்பு இருக்கிறது.

ஆயினும் இதில் எச்சரிக்கை அவசியம். கோடோடுவதும் மக்குவதும் ஒரே வழியில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஊர்களே. நமது வெப்பத்தில் காளான் விரைந்து வளருவதால், சில வாரங்களுக்கொருமுறை கட்டையின் முனையைச் சிறிது அறுத்துப் பார்க்கவேண்டும். கட்டைவிரல் நகம் எளிதில் பதியுமாயின் காலம் கடந்துவிட்டது. அதைக் கடைந்து பயனில்லை. உறுதி குன்றுமுன் எடுத்து, ஈரத்தை 100க்கு 20க்குக் கீழே உலர்த்திவிட்டால் காளான் வளர்ச்சி நின்றுவிடும். இம்மரத்தைக் கடையும்போது எழும் தூசியில் காளான் வித்துக்களும் கலந்திருக்கக்கூடுமாதலால் மூக்கையும் வாயையும் தகுந்த முகமூடியால் மூடிக்கொள்வது கட்டாயம். இத்தகைய கட்டைகளை வீட்டருகிலோ, உயிருள்ள மரங்களின் அடியிலோ குவித்து வைக்கலாகாது. கரையானும் உளுப்பூச்சியும் அங்கிருந்தே பரவும். காளான்களுள் சில உயிர்மரத்தையும் தாக்கக்கூடியவை. எனவே, நோயால் பட்ட தென்னை முதலியவற்றைக் கோட்டுக்காக வைத்திருக்கலாம் என்று ஒருவரும் எண்ணவேண்டாம். அவற்றை உடனே அப்புறப்படுத்துவதே முறை.

எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் நிறைந்த காலத்தில் மரக்கிண்ணத்தை யார் வாங்குவார் என்று கேட்கலாம். அடுப்பங்கரைப் பாத்திரத்துக்கு மரம் மறுபடியும் போட்டியிடும் என்று நாம் சொல்லவில்லை. பழம், பருப்பு, வெற்றிலை பாக்கு வைக்கவும், பரிசாகக் கொடுக்கவும் வாங்குவோர் நகரங்களில் இருக்கின்றனர். உணவு வைக்கும் கிண்ணத்துக்கு எட்டி, அரளி போன்ற நச்சு மரங்களைத் தொடவே கூடாது. மெருகுக்குத் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் உதவா. அவை இறுகாமல் சிக்கு நாற்றமெடுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகும் தன்மையுடையது. ஆனால் அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்; விரித்து உலர்த்தவேண்டும்.

கடைசற்காரர் கிடைப்பது அரிது என்பது மற்றோர் ஆட்சேபம். இது மெய்யே. ஆனால் சரக்கு ஒழுங்காகக் கிடைத்தாலன்றித் தொழிலாளி ஓரிடத்தில் தங்கமாட்டார். தொழிலாளி இல்லையென்று மரத்தை எரிப்பதும், மரமில்லையென்று தொழிலாளி ஊரைவிட்டுப் போவதும் ஒன்றையொன்று வளர்க்கும் தீமைகள். இதை முதலில் நிறுத்தவேண்டியவர் மரமுடையவரே. கடலூர்ப் பக்கத்தில் 2011 டிசம்பர் 30 இல் அடித்த தானே புயலிலும், நாகை, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் 2018 நவம்பர் 16 இல் அடித்த கஜா புயலிலும் பலாவும் மாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. அவ்வளவு மரமும் ஒரே சமயத்தில் விறகாக விலைக்கு வந்தால் விற்பவன் கதி என்ன என்று விளக்க வேண்டியதில்லை. முதற்கடைசல் முடிந்த கிண்ணமோ, பத்திரமாக வைத்தால் நல்ல விலை வரும்வரை காத்திருக்கும்.

ஆகையால் நிலமுடையவர்களுக்கு நாம் கூறுவது இவ்வளவே: மரம் விழுந்த சில தினங்களுக்குள் அடிமரத்தையும் கவைகளையும் தனியே பிரியுங்கள். வேண்டிய அளவுக்கு மேல் இரு முனையிலும் சில அங்குலம் கூட்டி அறுங்கள். அறுத்த முகங்களில் மெழுகோ கெட்டியான வர்ணமோ பூசி, தரையில் படாமல் நிழலில் அடுக்குங்கள். இதை எழுதுபவன் ஒரு மாங்கட்டையை இவ்வாறு செய்யாமல் சித்திரை வெயிலில் விட்டு, சில வாரத்தில் முனைமுதல் முனைவரை வெடித்துப்போகக் கண்டவன். அது முடிவில் விறகாகத்தான் போயிற்று.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். புறம்போக்கிலும் சாலையோரத்திலும் சாய்ந்த மரங்களை ஏலம் விடுகையில், விதிகள் இடங்கொடுக்கும் அளவுக்கு அடிமரத்தை வேறாகவும் விறகை வேறாகவும் வகுத்து விடுவதும், காலதாமதமின்றி விடுவதும் ஊர்ப் பொதுப்பணத்துக்கு நன்மை தரும். மாதக்கணக்கில் மழையில் கிடந்தபின் வரும் ஏலத்தில் கடைசற்காரருக்கு வேலையில்லை. சந்தனம் போன்ற, விதிகளால் பாதுகாக்கப்பட்ட மரங்களைப்பற்றிய கட்டுப்பாடுகளைக் குடிகளுக்கு முன்னதாகவே தெரிவித்துவைத்தால் வீண் தொல்லையும் நீங்கும்.

இதனால் ஒருவர் செல்வராகிவிடுவார் என்று நாம் ஆசை காட்டவில்லை. நம் பாட்டனார் நட்ட மரம் ஒரே நாளில் சாம்பலாகாமல், ஒரு பங்காவது பண்டமாகி நின்றால் அது நமக்கு லாபம்; உளியெடுக்கும் கைக்கும் கூலி. இவ்வருஷத்து மழைக்குமுன் ஊருக்கு இருவராவது ஒரு கட்டையைச் சோதித்துப் பார்ப்பாராக.