லிகேச்சர் வாங்கப் போகிறீர்களா?

பிள்ளை பள்ளி இசைக்குழுவில் பாஸ் கிளாரினெட் வாசிக்குதா? ஒருநாள் "புது லிகேச்சர் வேணும்"னு வந்து நிற்கும். ரீடை மவுத்பீஸோடு இறுக்கிப் பிடிக்கிற பட்டைதான் அது. ஜெர்மனியில் சிலர் இன்றும் நூலைச் சுற்றியே வாசிக்கிறார்கள்.

அளவுதான் முதலில். சாதாரண கிளாரினெட்டின் பட்டை இதற்குச் சின்னது. மவுத்பீஸைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். நாங்கள் உலோகம், தோல், துணி என மூன்றையும் மாற்றி மாற்றி, ஒரே ரீடில் மகளை வாசிக்க வைத்தோம். அடி சுரத்தை மெல்ல ஊதும்போது சட்டென்று பேசுகிறதா என்பதே சோதனை. விலையை அவளிடம் சொல்லவில்லை.

எனக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்டன. அவள் தயங்காமல், "இதுதாம்ப்பா, ஊதுறதுக்கு லேசா இருக்கு" என்று விலை குறைந்ததை நீட்டினாள். மிச்சக் காசில் ஒரு பெட்டி ரீட்.

வாசிப்பது பிள்ளை, தேர்வையும் பிள்ளையிடமே விடுங்கள்.