வாய் திறவாத பெண்

அமெரிக்காவில் பட்ரீஷியா மெக்கார்மிக் என்னும் அம்மையார் 2000-ம் வருஷத்தில் "கட்" என்று ஒரு நாவல் எழுதி வெளியிட்டார். வாலிபப் பிராயத்துப் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்ட புத்தகம். தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் காலீ என்கின்ற 15 வயதுப் பெண் தன் கதையைச் சொல்லுகின்றாள். ஸீ பைன்ஸ் என்ற வைத்திய விடுதியில் அவளைச் சேர்த்திருக்கின்றார்கள். பட்டினி கிடந்து மெலிந்தவர்களும், போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுமான பெண்கள் அங்கே கூடியிருந்து அவரவர் துயரத்தைப் பேசுகின்றார்கள். காலீ மட்டும் வாயே திறப்பதில்லை.

இப்படிப்பட்ட புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாததைத் தெரிந்துகொண்டு கெட்டுப்போவார்களே என்பது அவர்கள் வாதம். இதை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிடச் சம்மதியோம். ஒருவரைப் பார்த்து ஒருவர் இப்பழக்கத்தில் இறங்குவதுண்டென்று வைத்தியர்களே சொல்லுகின்றார்கள். ஆகையால் காயத்தை ருசிகரமாக வர்ணிப்பதே வேலையாயுள்ள புத்தகத்தை நாமும் ஆதரிக்க மாட்டோம். ஆனால் இந்நூலின் பெரும்பாகம் அந்தப் பெண் ஏன் பேசவில்லை என்பதைப் பற்றியதேயாகும்.

ஏன் பேசவில்லை? அவள் தம்பி ஸாம் ஆஸ்துமாவினால் அவதிப்படுகின்றவன். அதற்குத் தானே காரணமென்று அவள் நம்பிக்கொண்டிருக்கின்றாள். வீட்டாரின் கவலையெல்லாம் பையன் மேல். "நீ காரணமல்ல" என்று சொல்ல ஆளில்லை. ஆகவே, செய்யாத குற்றத்துக்கு அவளே நீதிபதி, அவளே கைதி, தண்டனை கொடுப்பவளும் அவளே.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுபவனைப் பேய் பிடித்தவனென்று சொன்ன காலமும் உண்டு. பைபிளில் மாற்கு 5-வது அதிகாரத்தில், கல்லறைகளுக்கிடையே கற்களால் தன்னைக் கீறிக்கொண்டு திரிந்த ஒருவனை விட்டுப் பேய்கள் சுமார் 2000 பன்றிகளுக்குள் புகுந்ததாக எழுதியிருக்கின்றது. (பன்றிகள் செய்த பாவம் என்னவோ நமக்கு விளங்கவில்லை.) இப்பொழுது பேய்க்குப் பதிலாகப் பிடிவாதமென்றும் வேஷமென்றும் சொல்லுகின்றார்கள், பெயரில்தான் வித்தியாசம். அமெரிக்க மனோவைத்திய சங்கமோ 2013-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில், சாகும் எண்ணமின்றித் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதலை மேலும் ஆராயவேண்டிய ஒரு தனி நிலையாகக் குறித்திருக்கின்றது. தாங்கமுடியாத மனவேதனையைச் சற்று நேரம் அடக்குவதற்கே பலர் இதைச் செய்கின்றார்கள். சாக நினைக்கவில்லையே என்று பெற்றோர் அலட்சியமாயிருக்கவும் முடியாது. இப்பழக்கமுள்ளவர்களுக்குப் பின்னால் தற்கொலை அபாயம் அதிகம்.

நிற்க, இந்நாவலில் நம்மை மிகவும் நிறுத்திய விஷயம் வேறொன்று. கதை முழுவதையும் காலீ தன் வைத்தியரை நோக்கித்தான் சொல்லுகின்றாள். அவர் எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாத நாட்களிலுங்கூட, மனதிற்குள் அவரோடு பேசிக்கொண்டேதான் இருந்திருக்கின்றாள்.