வெற்று உறை சொல்லும் அளவு

தேக்காவில் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போகும் பெண்கள் பலர், தையற்காரரிடம் நாடாவை எடுக்கச் சொல்வதே இல்லை. கைப்பையிலிருந்து பழைய ரவிக்கை ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். "அளவு ரவிக்கை இது. இதே மாதிரி தைத்துவிடுங்கள்." அவ்வளவுதான் பேச்சு. உடம்பை அளந்து வரும் எண்களைவிட, உடம்பில் உட்கார்ந்து பழகிய துணி சரியாகச் சொல்லும் என்பது அவர்கள் கணக்கு.

இதே கணக்கு துப்பாக்கிக்கும் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா?

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மாமா மகன் விளையாட்டாகத் துப்பாக்கி சுடுபவர். உரிமம் பெற்று, மன்றத்தில் உறுப்பினராகி, தன் துப்பாக்கிக்குரிய தோட்டாக்களைத் தானே தயாரிக்கிறார். அங்கே சட்டம் அதை அனுமதிக்கிறது. அண்மையில் காணொளி அழைப்பில் பேசியபோது, அடியில் துளையிட்ட ஒரு பித்தளைத் தோட்டா உறையைத் தூக்கிக் காட்டினார். "இதுதான் மச்சான் என் அளவு கருவி" என்றார். எனக்கு உடனே அளவு ரவிக்கைதான் ஞாபகம் வந்தது.

விஷயம் இதுதான். ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள்: பித்தளை உறை, அதன் அடியில் பொறி கொடுக்கும் சின்ன மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. தோட்டா போய் உட்காரும் இடம் துப்பாக்கியின் 'சேம்பர்'. அதற்குச் சற்று முன்னால்தான் குழலின் உட்புறச் சுருள் வரிகள் தொடங்குகின்றன. குண்டைச் சுழலவைத்து நேராகப் பறக்கச் செய்பவை அந்த வரிகளே. சுட்டவுடன் குண்டு உறையை விட்டு வெளியேறி, ஒரு சிறு இடைவெளியைத் தாண்டி வரிகளைப் பிடிக்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு என்பதை வைத்தே, குண்டுகள் ஒரே இடத்தில் விழுமா, சிதறுமா என்பது பெரிதும் அமைகிறது.

இடைவெளியை அளக்க வேண்டும். ஆனால், அது இருப்பதோ குழலுக்குள்ளே. கண்ணுக்கும் எட்டாது, அளவுகோலுக்கும் எட்டாது. அங்கேதான் துளையிட்ட உறை உதவுகிறது. வெற்று உறையின் அடியில் துளையிட்டு, மரை வெட்டி, ஒரு நீண்ட தண்டின் முனையில் திருகிவிடுகிறார்கள். மருந்தும் கிடையாது, பொறிமூடியும் கிடையாது. உறையின் வாயில் ஒரு குண்டைத் தளர்வாக வைத்து, சேம்பருக்குள் முட்டும்வரை செலுத்துகிறார்கள். பிறகு தண்டின் உள்ளே ஓடும் மெல்லிய கம்பியால் குண்டை மெதுவாக முன்னே தள்ளுகிறார்கள். குண்டு வரிகளைத் தொட்டதும் நின்றுவிடும். கம்பியை அப்படியே இறுக்கி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காலிப்பரால் அளக்கிறார்கள்.

அளப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குண்டின் கூர்முனையிலிருந்து அளக்கக் கூடாது. ஒரே பெட்டியில் வரும் குண்டுகளின் முனைகள்கூட ஒன்றுக்கொன்று சற்று நீளம் மாறும். வரிகளைத் தொடுவது முனையல்ல, குண்டின் வளைவு தடிக்கும் இடம். அதனால் காலிப்பரில் ஒரு துணைக்கருவியைப் பொருத்தி, அந்த இடத்திலிருந்தே அளக்கிறார்கள். கம்பியைத் தள்ளும் கை கொஞ்சம் அழுத்தினாலும் அளவு மாறிவிடும் என்பதால் ஒரு முறையோடு நிறுத்துவதில்லை. பல முறை அளந்து, ஒத்துவரும் எண்ணையே எடுத்துக்கொள்கிறார்கள்.

கடையிலும் இந்த அளவு உறை கிடைக்கிறது. ஆனால் அது வேறொருவரின் அளவு ரவிக்கை! ஒரு துப்பாக்கியில் சுடப்பட்ட உறை, அந்தத் துப்பாக்கியின் சேம்பருக்கேற்ப விரிந்து அதன் வடிவத்தை ஏற்றுக்கொண்டிருக்கும். கடை உறையின் தோள்பட்டை அதைவிடச் சற்றுக் குட்டையாக இருந்தால், உறை சேம்பருக்குள் கூடுதலாக முன்னே போய் உட்காரும். அந்த வித்தியாசம் அளவிலும் ஏறிவிடும். ஆகவே கவனமானவர்கள், தங்கள் துப்பாக்கியில் சுட்ட உறையையே எடுத்துத் துளையிட்டுக்கொள்கிறார்கள். அல்லது வித்தியாசத்தை அளந்து கணக்கில் சேர்க்கிறார்கள்.

அரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். குண்டு வரிகளில் முட்டிக்கொண்டிருக்கும்படி தோட்டாவைச் செய்தால், வெடிக்கும்போது அறைக்குள் அழுத்தம் எகிறும். மருந்தின் அளவு ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால் அது ஆபத்து. துப்பாக்கியின் பின்பக்கத்தில் இருப்பது சுடுபவரின் முகம் அல்லவா? அதனால்தான் குண்டின் ஆழத்தை மாற்றுபவர்கள் மருந்தையும் குறைத்துத் தொடங்கிப் படிப்படியாகவே கூட்டுகிறார்கள். குழலும் அப்படியே இருப்பதில்லை. சுடச் சுட வரிகளின் தொடக்கம் தேய்ந்து முன்னே நகர்கிறது. சென்ற ஆண்டின் அளவு இந்த ஆண்டுக்குப் பொருந்தாது.

நம் ஊர்க் கதை இதற்கு நேர் எதிர். 1967இல் தேசிய சேவை தொடங்கியது. அதே ஆண்டில்தான் 5.56 மில்லிமீட்டர் தோட்டாக்களை இங்கேயே தயாரிக்க 'சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர்' நிறுவப்பட்டது. படைவீரனின் துப்பாக்கிக்குத் தனி அளவு கூடாது. எந்தப் பெட்டியிலிருந்து எந்தத் தோட்டாவை எடுத்தாலும், சேற்றிலும் மழையிலும் அது உள்ளே போக வேண்டும். எல்லாருக்கும் பொருந்துவது அங்கே பாதுகாப்பு. துப்பாக்கியை ஆளுக்கேற்பச் சரிசெய்வது, குறிபார்க்கும் பகுதியை 'ஸீரோ' செய்யும் வேளையில் மட்டுமே.

வெற்று உறைக்கும் இங்கே வேறொரு மதிப்பு உண்டு. சுடுதளத்தில் வெயிலில் குனிந்து உறைகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுத்த அனுபவம் தேசிய சேவையாளர்கள் பலருக்கும் இருக்கும். தோட்டாவோ வெற்று உறையோ என்னிடம் இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் தளத்தைவிட்டுக் கிளம்புவோம். அண்ணன்களிடமும் அப்பாக்களிடமும் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அப்படியானால் சிங்கப்பூர் விளையாட்டு வீரர்களுக்கு இந்த நுட்பம் இல்லையா? இருக்கிறது, வேறு வடிவில். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற ஜாஸ்மின் செர், 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் இரண்டு தங்கம் வென்ற மார்ட்டினா வெலோசோ ஆகியோர் சுட்ட 50 மீட்டர் பிரிவில் .22 தோட்டா பயன்படுகிறது. அந்த வகைத் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்ப முடியாது. எனவே உயர்மட்டப் போட்டியாளர்கள் வேறு வழியைக் கையாள்கிறார்கள். ஒரே தொழிற்சாலையின் வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளைத் தங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, பொருந்தும் தொகுதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றோர் களமிறங்கும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவிலோ, பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர்தான். 4.49, 4.50 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ரவைகள் விற்கப்படுகின்றன. எது நல்ல ரவை என்று கடைக்காரரால் சொல்ல முடியாது. குழல்தான் சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஆர்வக்கோளாறில் யாரும் எதையும் தொட்டுவிட வேண்டாம். சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் இங்கே குறைந்தது 5 ஆண்டு சிறை, 6 பிரம்படி. வெளிநாட்டுச் சந்தையில் தோட்டா உறையில் செய்த சாவிக்கொத்து அழகாகத் தெரிந்தால், வாங்குவதற்கு முன் காவல்துறையின் விதிமுறைகளைப் பாருங்கள். ஆசை இருப்பவர்கள் முறையான மன்றத்தில் சேர்ந்து, பயிற்றுவிப்பாளர் முன்னிலையில் கற்கலாம்.

மாமா மகனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "புத்தகத்திலேயே தோட்டாவின் நீளம் போட்டிருக்குமே, அதைப் பார்த்துச் செய்தால் போதாதா?"

"போதும். எந்தத் துப்பாக்கியிலும் சுடலாம். ஆனால் புத்தகம் எழுதியவர் என் துப்பாக்கியைப் பார்த்ததில்லையே" என்றார்.

பிள்ளையின் மதிப்பெண்ணைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு வைத்துப் பார்க்கும் நமக்கும் அந்தப் பதிலில் கொஞ்சம் வேலை இருக்கிறது.