பழைய கார்: எது லாபம், எது நஷ்டம்?

புதுக் கார் விலை இறங்கிவிட்டது. பழைய கார் விலையும் இறங்க வேண்டாமா?

கார் வாங்க ஆசைப்படும் சாதாரணக் குடும்பங்களில் இன்று இதுதான் பேச்சு.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி மத்திய அரசு வரியைக் குறைத்தது. சிறிய பெட்ரோல் காருக்கு அதுவரை மொத்தம் 29 சதவீத வரி இருந்தது. அது 18 சதவீதம் ஆயிற்று. ஆல்டோ கே10 காரின் ஆரம்ப விலை 4 லட்சத்து 23 ஆயிரம் ரூபாயாக இருந்தது. ஒரே நாளில் அது 3 லட்சத்து 69 ஆயிரத்து 900 ஆகிவிட்டது. ரோடு வரி, இன்சூரன்ஸ் தனி.

இதனால் பழைய கார் வியாபாரிக்குத் தலைவலி. மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் என்று அவர் ஒரு காருக்கு விலை சொன்னால், "இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கலாமே!" என்று வீட்டுக்காரி கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

ஆகவே, பழைய காரின் விலையைப் பேசுமுன் அதே ரகப் புதுக் காரின் இன்றைய விலையை விசாரிக்க வேண்டும். வரி குறைவதற்கு முந்திய விலையை வைத்துக்கொண்டு இன்னும் கணக்குச் சொல்லும் புரோக்கர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு வரியும் உண்டு. பதிவு பெற்ற வியாபாரி பழைய காரை விற்றால், அவருக்குக் கிடைக்கும் லாபத்துக்கு 18 சதவீத வரி கட்ட வேண்டும். சிறிய கார்களுக்கு 12 சதவீதமாக இருந்ததை உயர்த்த 2024 டிசம்பரில் முடிவு செய்தார்கள். ஒருவர் தம் சொந்தக் காரை இன்னொருவருக்கு நேரே விற்றால் இந்த வரி கிடையாது. தெரிந்தவரிடம் வாங்குவதில் இப்படியும் ஒரு மிச்சம்.

மைலேஜ் மயக்கம்

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

கார் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்க வேண்டியதுதான். சென்னையில் பெட்ரோல் விலை 2021-ம் ஆண்டிலேயே லிட்டர் 100 ரூபாயைத் தொட்டுவிட்டது. ஆனால், மைலேஜுக்காக எவ்வளவு பணம் அதிகம் கொடுக்கலாம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

போட்டுப் பார்த்தால் என்ன?

ஒரு கார் லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் ஓடுகிறது. இன்னொன்று 20 கிலோ மீட்டர் ஓடுகிறது. இரண்டாவது காருக்கு ஒரு லட்சம் ரூபாய் அதிகம் கேட்கிறார்கள். குடும்பமோ ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும், கல்யாணம் காட்சிக்கும் மட்டுமே காரை எடுக்கிறது. மாதம் 300 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் காருக்கு 20 லிட்டர் வேண்டும். இரண்டாவது காருக்கு 15 லிட்டர் போதும். மிச்சம் 5 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 500 ரூபாய். அதிகம் கொடுத்த ஒரு லட்சம் திரும்பி வர 200 மாதம் ஆகும். அதாவது 16 வருஷத்துக்கு மேல்! அதற்குள் கார் காயலான் கடைக்குப் போய்விடும்.

தினம் 50 கிலோ மீட்டர் வேலைக்குப் போய் வருகிறவர் கதை வேறு. அவருக்கு மாதம் 2,500 ரூபாய் மிச்சம். மூன்றே கால் வருஷம் போல ஓட்டினால் போட்ட பணம் வந்துவிடும். மைலேஜ் அவருக்குத்தான் முக்கியம்.

டீசல் காருக்கும் இதே கணக்குதான். அதிலும் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நீண்ட தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். செலவு பெரிது. ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு டீசல் கார் வேண்டவே வேண்டாம்.

கம்பெனி சொல்லும் மைலேஜ், சோதனைக் கூடத்தில் உருளை மேல் சக்கரத்தை ஓட விட்டு எடுத்த கணக்கு. அங்கே சிக்னல் ஏது? மேடு பள்ளம் ஏது? ரோட்டில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். 2030-ல் எட்ட வேண்டிய அளவு 2025-லேயே வந்துவிட்டது. இதற்கென்று தயாரிக்கப்படாத பழைய கார்களில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. 20 கிலோ மீட்டர் கொடுத்த கார் 19 கொடுக்கும். ரொம்பப் பழைய காராக இருந்தால் ரப்பர் குழாய்களை மாற்ற வேண்டியும் வரும்.

எந்த வருஷத்துக் கார்?

2019 ஜூலை முதல் தயாரான கார்களில் ஓட்டுகிறவருக்குக் காற்றுப்பை கட்டாயம். பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து எல்லாக் கார்களிலும் 2022 தொடக்கத்திலிருந்து வந்துவிட்டது. குழந்தை குட்டிகளோடு போகிற குடும்பம் ஐம்பதாயிரம் அதிகமானாலும் இந்த வருஷங்களுக்குப் பிந்திய காரையே பார்ப்பது நல்லது. மைலேஜுக்குக் கொடுக்கும் பணத்தைவிட இது உருப்படியான செலவு.

15 வருஷம் ஆன கார் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். ஆனால், பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று.

டில்லியில் 10 வருஷ டீசல் காருக்கும் 15 வருஷ பெட்ரோல் காருக்கும் தடை விதித்ததால், அங்கிருந்து பல கார்கள் மற்ற மாநிலங்களுக்கு வந்தன. பளபள என்று இருக்கும். விலையும் மலிவு. ஆனால் அந்த ஊர் ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்தால் மலிவு எங்கே போயிற்று?

விற்பனையை நிறுத்திவிட்ட கம்பெனிகளின் காரும் மலிவாகக் கிடைக்கும். ஷெவர்லே கார் விற்பனை 2017-ல் நின்றது. மறைமலைநகர் போர்டு தொழிற்சாலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றது. நல்ல வண்டிகள்தான். உள்ளூர் மெக்கானிக்கிடம் "உதிரி பாகம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுக்க வேண்டும்.

வெள்ளத்தில் மிதந்ததா?

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. கழுவித் துடைத்து வாசனை தெளித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். அதன் அடியில் சேற்றுக் கறை இருக்கும். தரை விரிப்பைத் தூக்கினால் துருவும் வண்டலும் தெரியும். இந்த இடங்களை யாரும் கழுவுவதில்லை!

ஓடிய கிலோ மீட்டரைக் குறைத்துக் காட்டும் தந்திரமும் உண்டு. 30 ஆயிரம் கிலோ மீட்டர்தான் ஓடியது என்பார்கள். பிரேக் பெடலின் ரப்பரோ வழவழ என்று தேய்ந்திருக்கும். டயரில் கடைசியாக உள்ள நான்கு எண்கள் அது தயாரான வாரத்தையும் வருஷத்தையும் காட்டும். 2321 என்றால் 2021-ம் ஆண்டு 23-வது வாரம். 2021-ல் வாங்கிய காரில் 2024-ம் ஆண்டு டயர் இருந்தால், பழைய டயர் தேயும் அளவுக்கு ஓடியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

பெயர் மாற்றம்

பணம் கைமாறியதும் வேலை முடிந்தது என்று விற்றவர் நினைக்கிறார். அங்கேதான் ஆபத்து.

ஒருவர் காரை விற்றார். அது இன்னும் சிலர் கைக்கு மாறியது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மட்டும் மாறவில்லை. கார் விபத்துக்குள்ளானது. நஷ்டஈடு யார் கொடுப்பது? ஆர்.சி.யில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. எப்போதோ விற்ற காருக்கு அவர் பொறுப்பாளி ஆனார்!

அதே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். 29-ம் எண், 30-ம் எண் படிவங்களில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்சூரன்சைத் தம் பெயருக்கு மாற்ற வாங்குகிறவருக்கும் 14 நாள்தான் கெடு. காரின் மேல் பாங்குக் கடன் இருந்தால், அது தீர்ந்ததற்கு 35-ம் எண் படிவம் வேண்டும். கடன் நிலுவை இருக்கிறதா, எத்தனையாவது கை என்பதையெல்லாம் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் கொடுக்குமுன் பார்க்க வேண்டும்.