ஜெயித்தது டிரைவரா... கம்ப்யூட்டரா? கார் பந்தயத்தில் தீராத பஞ்சாயத்து!

டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்த சமாச்சாரம்தான். சேற்று வயலில் வண்டியை மடக்கி திருப்பணும்னா ஸ்டியரிங்கை மட்டும் நம்ப மாட்டார்கள். பின்னால் இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக் தனித்தனியாக இருக்கும். எந்த பக்கம் திரும்பணுமோ அந்த பக்கத்து பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி சட்டென்று திரும்பிவிடும்.

இதே வித்தையை பல கோடி ரூபாய் பார்முலா-1 காரில் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா?

காட்டிக்கொடுத்த கேமரா

1997-ம் ஆண்டு மெக்லாரன் அணி தனது காரில் சத்தமில்லாமல் இன்னொரு பிரேக் பெடலை வைத்தது. அதை மிதித்தால் பின்சக்கரம் ஒன்றை மட்டும் பிடிக்கும். வளைவு தாண்டி கார் வேகம் எடுக்கும் இடத்தில் பின் பிரேக் செக்கச்செவேல் என்று கனன்றதை ஒரு போட்டோகிராபர் கவனித்துவிட்டார். பிரேக் தேவையே இல்லாத இடத்தில் நெருப்பு எதற்கு? ஜெர்மனியின் நுர்பர்க்ரிங் மைதானத்தில் மெக்லாரன் கார் பழுதாகி நின்றபோது உள்ளே கேமராவை விட்டு ஒரு கிளிக். குட்டு வெளிப்பட்டது!

1998 சீசனின் முதல் பந்தயம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. முதல் 2 இடமும் மெக்லாரனுக்கு. மற்ற கார்கள் எல்லாம் குறைந்தது ஒரு சுற்று பின்னால். பெராரி அணி புகார் கொடுக்க, அடுத்த பிரேசில் பந்தயத்தில் அந்த பெடலுக்கு தடை விழுந்தது. தடைக்கு பிறகும் அங்கே ஜெயித்தது மெக்லாரன்தான் என்பது தனிக்கதை.

பூட்டு எவ்வளவு?

வண்டி திரும்பும்போது வெளிப்பக்க சக்கரம் அதிக தூரம் உருளும், உள்பக்க சக்கரம் குறைந்த தூரம் உருளும். இரண்டையும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் டிப்ரன்ஷியல். ஆட்டோ, லாரி ஓட்டுபவர்களுக்கு புதுசா சொல்ல வேண்டியதில்லை. அதை முழுசா விட்டுக்கொடுத்தால் ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றும், வண்டி நகராது. முழுசா பூட்டினால் வண்டி திரும்ப அடம்பிடிக்கும்.

பார்முலா-1 டிரைவர் இந்த பூட்டின் அளவை ஸ்டியரிங்கில் உள்ள சுவிட்சிலேயே மாற்றுகிறார். வளைவுக்குள் நுழையும்போது ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, வெளியே வரும்போது இன்னொன்று. டயர் தேய்ந்தாலும், தூறல் போட்டாலும் திரும்ப மாற்றணும். இதற்கு தடை இல்லை. ஏன் என்றால் முடிவு எடுப்பது மனுஷன்.

தடை எதற்கு என்றால், 'டிராக்ஷன் கன்ட்ரோல்' என்ற கருவிக்கு. டிரைவர் ஆக்சிலேட்டரை கண்டபடி மிதித்தாலும், சக்கரம் வழுக்கினால் கம்ப்யூட்டரே எஞ்சின் சக்தியை குறைத்துவிடும். 1993-ல் வில்லியம்ஸ் காரில் இதோடு ஏ.பி.எஸ். பிரேக்கும், தானாக சரிசெய்துகொள்ளும் சஸ்பென்ஷனும் இருந்தன. பிராஸ்ட் சாம்பியன் ஆனார். 1994-ல் எல்லாவற்றுக்கும் தடை.

தடை போட்டாச்சு, பிடிப்பது யார்? அந்த ஆண்டே பெனட்டன் அணியின் கம்ப்யூட்டருக்குள் தடை செய்யப்பட்ட 'லாஞ்ச் கன்ட்ரோல்' புரோகிராம் இருப்பது தெரிந்தது. பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் கண்காணிக்க முடியவில்லை என்று 2001 ஏப்ரலில், ஸ்பெயின் பந்தயம் முதல், டிராக்ஷன் கன்ட்ரோலுக்கு திரும்ப அனுமதி! திருடனை பிடிக்க முடியலன்னு திருட்டையே சட்டமாக்கின மாதிரிதான்.

2008-ல்தான் வழி கிடைத்தது. எல்லா அணிக்கும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் பெட்டி கொடுத்து, டிராக்ஷன் கன்ட்ரோலை ஒழித்தார்கள். அந்த ஆண்டு இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் மழை. பெராரியின் மாசா 5 முறை சுழன்று கடைசி ஆளாக வந்தார். ஹாமில்டன் 68 வினாடி முன்னதாக ஜெயித்தார். கால் பக்குவம் யாருக்கு என்று ஊருக்கே தெரிந்தது.

நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் இரண்டு காலத்தையும் பார்த்தவர். 2005-ல் ஜோர்டான் அணியில் ஓட்டியபோது டிராக்ஷன் கன்ட்ரோல் உண்டு. 2011, 2012-ல் எச்.ஆர்.டி. காரில் கிடையாது. அதுவும் காசில்லாத டீம். தப்பு செய்தால் காப்பாற்ற காரிலும் ஒன்றும் இல்லை.

சுவிட்சும் தொல்லைதான்

சுவிட்ச் மனுஷன் கையில் இருந்தால் போதும் என்று சொல்லவும் முடியவில்லை. 2016-ல் ரேடியோவில் டிரைவருக்கு யோசனை சொல்ல கட்டுப்பாடு இருந்தது. பாகு நகர பந்தயத்தில் ஹாமில்டன் எஞ்சின் செட்டிங் எங்கே தப்பு என்று தெரியாமல் ஸ்டியரிங்கை பார்த்து பார்த்து ஓட்டினார். பதில் தெரிந்த எஞ்சினீயர்கள் வாய் திறக்க முடியவில்லை. அந்த வேகத்தில் ரோட்டை பார்ப்பதா, பட்டனை பார்ப்பதா? ஜூலையிலேயே கட்டுப்பாட்டை தளர்த்திவிட்டார்கள்.

யார் துணையும் இல்லாமல் டிரைவர் தனியாகத்தான் ஓட்டணும் என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 2026 விதிகளில் முன், பின் இறக்கைகள் இரண்டும் அசையும். சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சாரம். முந்துவதற்கு கூடுதல் மின்சாரம் எடுக்க தனி வசதி வேறு. ஸ்டியரிங்கில் டிரைவருக்கு வேலை இன்னும் கூடிவிட்டது.