சட்டத்திற்கு முந்திய சபை

சட்டம் சட்டசபையிலே பிறக்கிறதென்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அது மயக்கமாகும். அக்கிராசனரும் விதிகளும் சந்தாவும் இல்லாத ஏதோவொரு நண்பர் குழாத்தில் அது முன்னமே உருவாகிவிடுகிறது. சட்டசபை அதற்கு முத்திரையிடுகிறது, அவ்வளவே. அக்குழாத்தில் இடம் பெறாதவன் பிற்பாடு அச்சட்டத்தின்கீழ்க் குற்றவாளியாகக் கூண்டில் ஏறுகிறான். நமது வனச் சட்டங்களின் சரித்திரமே இதற்குச் சான்று.

கும்பெனி ராஜ்யத்தில் கப்பல்களுக்கும், பின்னர் ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகளுக்கும் காடுகள் வரைமுறையின்றி வெட்டப்பட்டன. மரம் அழிந்தால் நீரும் அழியுமென்று துரைத்தனத்தாரை எச்சரித்தவர்களுள் முன்னின்றவர்கள் யார்? கும்பெனியின் வைத்தியர்களே. பம்பாயில் கிப்ஸன், சென்னையில் எட்வர்ட் பால்பர், சென்னையிலேயே பிறந்த ஹியூ கிளெகார்ன் ஆகியோர் தாவர சாஸ்திரத்தில் பற்றுடையவர்கள். இத்தகையோர் கடிதங்களாலும் பத்திரிகைக் கட்டுரைகளாலும் கருத்தைப் பரப்பினர். வெப்பநாட்டுக் காடுகளின் அழிவைக் குறித்து 1851-ல் கிளெகார்ன் முதலிய நால்வரின் அறிக்கை பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. 1856-ல் அவரே சென்னையின் வன அதிகாரியானார். 1865-ல் இந்தியாவின் முதல் வனச் சட்டமும், 1878-ல் அதனினும் கடுமையான சட்டமும், 1882-ல் சென்னை வனச் சட்டமும் வந்தன.

இவர்கள் நோக்கத்தைப் பழிக்க நாம் முன்வரவில்லை. காடு காக்கப்பட வேண்டியதே. ஆயின், ஆடு மேய்ப்போனும், விறகு பொறுக்குவோளும், புனம் எரித்து விதைக்கும் மலைவாசியும் அவர்களுக்குக் கடிதம் எழுதியவர்களல்லர். ஆதலால் கப்பலுக்கும் ரயிலுக்கும் வெட்டியவன் பாதுகாவலனாகவும், காட்டில் வாழ்ந்தவன் திருடனாகவும் சட்டத்தில் இடம் பெற்றனர். 1878-ன் மசோதாவைப் புனா சார்வஜனிக சபை ஆட்சேபித்தது. சென்னை ரெவினியூ போர்டும் கிராமத்தாரின் உரிமையை எடுத்துரைத்தது. ஆயினும் மூலக் கருத்து மாறவில்லை. 1921-ல் குண்டூர் ஜில்லாவின் பல்நாட்டில் குடியானவர்கள் மேய்ச்சல் வரி கொடுக்க மறுத்தது இதன் விளைவேயாகும். காட்டில் வாழ்வோரின் உரிமையை ஒரு சட்டம் ஒப்புக்கொள்ள 2006-ஆம் வருஷம் வரவேண்டியிருந்தது.

இந்த ஆயுதம் அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று. கேரளத்தில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க 1970-களில் ஏற்பாடு நடந்தபோது, அமைதிப் பள்ளத்தாக்கின் காட்டுக்காகப் பரிந்து பேசியவர்கள் ஆசிரியர்களும் கவிகளும் சாஸ்திரக்ஞர்களுமே. உத்தியோக பலம் அவர்களிடம் இல்லை. துண்டுப் பிரசுரமும் பொதுக்கூட்டமும் கடிதமுமே அவர்கள் படைக்கலங்கள். முடிவில் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று.

இன்று சுற்றுச்சூழல் சம்பந்தமான அறிவிக்கைகளின் நகல் வெளியானால், ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுஜனங்களுக்கு அவகாசம் அளிக்கப்படுகிறது. ஆனால் 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நகல் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே வெளிவந்தது. அதை அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்க்கும்படி டில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய சர்க்காரோ அவ்வுத்தரவை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றனர். படிக்க முடியாதவனுக்கு ஆட்சேபிக்கும் உரிமை இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன?

சர்க்காரைக் குறை கூறிக்கொண்டு நாம் சும்மாயிருப்பது தகாது. ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு வக்கீல், ஓர் உபாத்தியாயர், ஒரு குடியானவர், காட்டை அறிந்த ஒருவர் ஆகிய நால்வர் கூடினால் போதும். நகலைத் தமிழாக்குக, கிராமத்தில் வாசித்துக் காட்டுக, ஜனங்களின் ஆட்சேபத்தை எழுதித் தவணைக்குள் அனுப்புக. அன்று நான்கு பேர் எழுதிய அறிக்கை காட்டின் கதியை மாற்ற வழிகோலிற்று. இன்று நால்வருக்கு நாட்டில் பஞ்சமா?