கடையில் செய்த அட்டைக்குப் பிள்ளையின் பெயர் எதற்கு?



எங்கள் ஊர்ப் பெற்றாருக்கும், பழைய மாணவர்களுக்கும், பாடசாலைப் போட்டிகளுக்கு நடுவர்களாக வருகிறவர்களுக்கும் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

ஒக்டோபர் வருகிறது. 1ஆம் திகதி சிறுவர் தினம், 6ஆம் திகதி ஆசிரியர் தினம். அதையொட்டி வாழ்த்து அட்டைப் போட்டி, கைவினைக் கண்காட்சி. செப்டெம்பர் கடைசிக் கிழமையிலேயே கொமியூனிகேசன் கடைகளில் கூட்டம் தொடங்கிவிடும். "தரம் 4 பிள்ளைக்கு ஒரு காட் செய்து தாங்கோ தம்பி, நாளைக்குக் குடுக்க வேணும்" என்று உம்மாமார் நிற்பார்கள். தம்பி கணினியில் பூ எடுத்து, பெயர் போட்டு, கலர் பிரின்ட் அடித்து, லெமினேட் பண்ணி, ஓரத்தில் மினுக்கமும் ஒட்டிக் கொடுப்பார். அடுத்த நாள் அது "மாணவர் ஆக்கம்" என்று சுவரில் ஏறும். முதற் பரிசும் அதற்குத்தான்.

அந்த அட்டையில் பிள்ளையின் கை பட்ட இடம் எது என்று கேட்கிறோம். பெயரைக்கூடக் கணினிதான் எழுதியிருக்கிறது.

கடைக்காரத் தம்பியில் எங்களுக்குக் கோபமில்லை. அது அவருடைய தொழில். உம்மாமாரையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பளபளக்கிற அட்டையோடு போகும்போது, தன் பிள்ளை மை அப்பின தாளோடு போய் நிற்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? எங்கள் கோபம் அந்த அட்டைக்கு முதலிடம் கொடுக்கிற நடுவர்களில். ஒன்பது வயதுப் பிள்ளை இப்படிச் செய்யாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே புள்ளி போடுகிறார்கள். மேடையில் ஏறுகிற பிள்ளைக்கும் தெரியும், கீழே இருந்து கை தட்டுகிற பிள்ளைகளுக்கும் தெரியும். காலையில் அமானிதம் பற்றிப் பாடம் எடுத்துவிட்டுப் பின்னேரம் இதற்குச் சான்றிதழ் கொடுத்தால், பிள்ளை எந்தப் பாடத்தை மனதில் வைக்கும்?

இதில் அடிபடுகிற பிள்ளை யார் என்று பாருங்கள். 2009க்குப் பிறகு புத்தளத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் பழைய இரும்பு எடுத்துப் பிழைக்கிற வாப்பாமார் இருக்கிறார்கள், நாட்கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை பழைய கொப்பி மட்டையை வெட்டி, தானே பூ வைத்து, மூலையில் தன் விரலடையாளத்தையும் பதித்துக் கொண்டுவருகிறது. அது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அடுத்த வருடம் அந்தப் பிள்ளை செய்யாது. ஒன்றில் கடை அட்டைக்குக் காசு கேட்டு வீட்டில் அழும், அல்லது "எனக்குக் கைவேலை வராது" என்று சொல்லப் பழகிவிடும். இரண்டையும் எங்கள் வகுப்புகளில் கண்டிருக்கிறோம்.

ஆகவே நாங்கள் சொல்வது ஒன்றுதான். இந்த ஒக்டோபரில் எல்லா அட்டைகளும் வகுப்பறைக்குள்ளே, பிள்ளையின் கையால், அச்சுப் பதித்துச் செய்யப்பட வேண்டும்.

ஏன் அச்சு? வரைய வராத பிள்ளைக்கும் அச்சு வரும். சித்திரம் என்றால் கெட்டிக்காரப் பிள்ளை முதல் கோட்டிலேயே முந்திவிடும், மற்றவை பேனையைக் கீழே வைத்துவிடும். அச்சில் மையைத் தொட்டு, தாளில் வைத்து, அமர்த்தி, ஆடாமல் எடுக்க வேண்டும். அதைப் பழக ஒரு பாடவேளை போதும்.

இதற்கும் கடையில் ஸ்டாம்ப் செற் வாங்க ஓடாதீர்கள். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ. வாழை மட்டையை வெட்டினால் வலை போல அறைகள். அறுந்த பாட்டாச் செருப்பின் அடியை வடிவாக வெட்டி மரத்துண்டில் ஒட்டினால் பல தவணைக்கு உழைக்கிற அச்சு. பழைய சைக்கிள் ரியூப்பும் அப்படித்தான். தரம் 1, 2 பிள்ளைகளின் கையில் பிளேட் கொடுக்கத் தேவையில்லை. றிஜிபோம் துண்டில் மை முடிந்த பேனையால் அழுத்தி வரைந்தால் பள்ளம் விழும். மேலே நிறம் பூசி ஒற்றினால் அந்தக் கோடுகள் வெள்ளையாக வரும். பெரிய வகுப்புகளுக்கு அழிறப்பர். வெட்டும்போது ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். போத்தல் மூடிக்குள் ஸ்பொஞ்சுத் துண்டு வைத்து, வாட்டர் கலரைத் தடிப்பாகக் கரைத்து ஊற்றினால் அதுதான் ஸ்டாம்ப் பாட். தண்ணீர் கூடினால் அச்சு வழியும். பீற்றூட் சாற்றின் நிறம் வடிவுதான், ஆனால் நாள் போக மங்கிவிடும்.

பழைய இரும்பு எடுக்கிற வாப்பாவின் பிள்ளையிடம் நாலு நட்டும் வோஷரும் கொண்டுவரச் சொல்லுங்கள். நட்டை மையில் தொட்டு வைத்தால் அறுகோணம். வோஷர் வைத்தால் வட்டத்துக்குள் வட்டம். அன்றைக்கு வகுப்புக்கே அச்சுக் கொடுக்கிற பிள்ளை அதுதான். "வாப்பா என்ன வேலை" என்று கேட்டால் தலை குனிகிற பிள்ளை அன்று குனியாது.

இதைச் சொன்னதும் வருகிற மறுப்புகள் எங்களுக்குத் தெரியும்.

முதலாவது, "புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது, இதற்கெல்லாம் நேரம் ஏது?" இது படிப்புத்தான். "ப" என்ற எழுத்தை அழிறப்பரில் நேராக வெட்டினாலும் தாளில் சரியாக விழும். "ட" வெட்டினால் திரும்பி விழும். ஏன் என்று பிள்ளை தானே கேட்கும். எண்ணெய்த் தாளில் மெத்தென்ற பென்சிலால் எழுதி, அதைக் கவிழ்த்து அழிறப்பரில் வைத்துத் தேய்த்தால் எழுத்துத் தானாகத் திரும்பி இறங்கும். வலமிருந்து இடமாக எழுதுகிற அரபு, அச்சில் இடமிருந்து வலமாக நிற்கும். சமபக்க முக்கோண அச்சு ஒன்றை ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு தரம் வைத்தால் அறுகோணம் வரும், ஏழாவதுக்கு இடமில்லை. சமச்சீரும் கோணமும் ரியூசன் வகுப்பின் வினாத்தாளில் வருவதற்கு முன்னால் பிள்ளையின் விரலில் வந்துவிடும்.

இரண்டாவது, "உருவம் போடுவது கூடாது." யார் உருவம் போடச் சொன்னது? இலை, பூ, நட்சத்திரம், கோடு, எழுத்து போதாதா? ஸ்பெயினில் கிரனடாவில் இருக்கிற அல்ஹம்ரா மாளிகையின் சுவர்களைப் படத்தில் பாருங்கள். சில வடிவங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கியே சுவரை நிரப்பியிருக்கிறார்கள். அச்சுவேலைக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் வேண்டுமா?

மூன்றாவது, "அட்டை கொடுப்பது வெள்ளைக்காரனுடைய பழக்கம்." அச்சடித்து விற்ற முதல் நத்தார் அட்டை 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் செய்வித்தது என்பது உண்மைதான். அதற்காக எழுத்தில் ஸலாம் சொல்வதும் முத்திரை பதிப்பதும் அவர்களிடம் கற்றது என்று ஆகிவிடாது. முத்திரை இல்லாத கடிதத்தை ரோமர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்து அதில் முத்திரை பொறித்தார்கள் என்பது புகாரியில் இருக்கிறது. இந்தக் குடாநாட்டிலேயே, இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில், ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது ஒரு முத்திரை கிடைத்தது. பிராமி எழுத்துப் பொறித்தது, ஈராயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. எங்கள் அழிறப்பர் அச்சுக்கு அது மூத்த உறவு.

இனி மற்ற ஒரு விடயம். இதை எழுத எங்களைத் தூண்டியதே இதுதான்.

எங்கள் சமூகத்துக்கு அட்டையும் முத்திரையும் விளையாட்டுப் பொருளாக வாய்க்கவில்லை. 1990 ஒக்டோபர் 30இல் எங்கள் பெற்றாரை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் சொன்னார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குத் தெரிந்த அட்டை நிவாரண அட்டை. திரும்பி வந்த பிறகும் பதிவுக்கு ஒரு சீல், காணிக்கு ஒரு சீல், வீட்டுத்திட்டத்துக்கு ஒரு சீல். ஒரு சீலுக்காகக் கூலியை விட்டுவிட்டுக் கந்தோர் வாசலில் நாட்கணக்காக நின்றவர்கள் எங்கள் வாப்பாமார். எந்தக் கந்தோர் என்று இங்கே சொல்லத் தேவையில்லை, நின்றவர்களுக்குத் தெரியும். முத்திரை எப்போதும் மற்றவர் கையில்தான் இருந்தது.

இப்போது எங்கள் பிள்ளைகள் சொந்த ஊரில், சொந்தப் பாடசாலையில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் முதன்முதலாக ஒரு முத்திரையைக் கொடுக்கக் கிடைத்த இடத்திலும், அதைக் காசுக்கு இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, "நீ பெயரை மட்டும் கொடு" என்று பிள்ளையிடம் சொல்கிறோமே, இது நியாயமா?

தாள் இல்லை, பொருள் இல்லை என்றும் சொல்லாதீர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்த ஊர் இது. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. அந்த நெருக்கடியைக் கண்ட நாங்கள் பிஸ்கட் பெட்டியின் உட்பக்கத்தையும் பழைய கலண்டரின் பின்பக்கத்தையும் குப்பையில் போடலாமா? இறப்பருக்கும் இங்கே பஞ்சமில்லை. 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்து இறப்பர் விளைகிற நாடு இது. அந்த இறப்பர் செருப்பாகி, தேய்ந்து, உங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது.

ஆகவே இந்த ஒக்டோபருக்கு நாங்கள் கேட்பவை:

1. போட்டி அட்டைகள் வகுப்பில், ஆசிரியர் முன்னிலையில் செய்யப்பட வேண்டும். வீட்டிலிருந்து செய்து வருவது போட்டிக்குச் சேராது.

2. கணினி அச்சு, லெமினேட், கடை ஸ்ரிக்கர் எதற்கும் புள்ளி இல்லை என்று அறிவித்தலிலேயே எழுத வேண்டும்.

3. நடுவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் "இதை எப்படிச் செய்தாய்?" என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். சொல்லத் தெரிந்த பிள்ளைக்கே பரிசு.

4. எல்லா அட்டையும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒன்றும் வேண்டாம்.

5. ஒவ்வொரு பிள்ளையும் இன்னொரு அட்டை செய்து, புத்தளத்தில் இருக்கிற உம்மம்மாவுக்கோ மாமிக்கோ தபாலில் அனுப்ப வேண்டும். பாதிக் குடும்பம் இங்கேயும் பாதி அங்கேயுமாக இருக்கிற எங்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எது?

பெற்றாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கொண்டுவருகிற அட்டையில் மை பரவியிருக்கும், பூ சரிந்திருக்கும், "வாழ்த்து" என்பதில் ஒற்றைக் காணவில்லை என்றும் இருக்கும். திருத்தாதீர்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளையினுடையதைப் பார்" என்று சொல்லாதீர்கள். வீட்டில் எல்லோரும் காண்கிற இடத்தில் ஒட்டிவையுங்கள். மை பிடித்த உடுப்புக்காக ஏசவும் வேண்டாம். வாட்டர் கலர் கழுவினால் போகும்.

நடுவர்களாக வருகிறவர்கள் இதை வாசித்துவிட்டும் பழையபடி பளபளப்புக்கே புள்ளி போட்டால், அந்த மண்டபத்திலேயே எழும்பிக் கேள்வி கேட்போம். இப்போதே சொல்லிவிட்டோம்.

சரியென்று படுகிறவர்கள் உங்கள் பாடசாலைப் பெற்றார் வட்சப் குழுவில் பகிருங்கள். பிழையென்று படுகிறவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறோம். அறுந்த பாட்டாச் செருப்புகளை எறியாமல் திங்கட்கிழமை பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.